என் மகன் ஏன் ஓரக்கண்ணால் பார்க்கிறான்?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன், மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தான். ஓடும் ஃபேனையும் வண்டிச் சக்கரத்தையும் தலையைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்க்கிறான். பள்ளியில் மாடிப்படி ஏறிவிடுகிறான், இறங்கச் சொன்னால் உட்கார்ந்துகொண்டு அடம்பிடிக்கிறான். டியூப்லைட் போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறான். ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாலே கத்துகிறான். தயிர்சாதம், ஒரே கம்பெனி பிஸ்கட், சிப்ஸ் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. நான் பேசினால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசப் பழக்கச் சொல்கிறார் டீச்சர். கைக்குழந்தையில் செல்போன் காட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் என் மாமியார். ஒரு தெரபி சென்டரில் கலர் கண்ணாடியும் கண் பயிற்சியும் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார்கள். இவனுக்குக் கோளாறு கண்ணிலா, மூளையிலா? பணம் கட்டலாமா?
ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

பணம் கட்ட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எங்கும் பையனைக் கண் மருத்துவரிடம் காட்டியதாக ஒரு வரி இல்லை. குறைமாதத்தில் பிறந்தவன், படி இறங்கப் பயப்படுகிறான், வெளிச்சத்தில் கண்ணை மூடுகிறான். வேறொரு பிள்ளையிடம் இதில் ஒன்று தெரிந்தாலே நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்போம். ஆட்டிசம் என்ற சொல் ஒரு பிள்ளையின் ஃபைலில் ஏறிவிட்டால், அதன்பிறகு அவன் செய்வதெல்லாம் அதன் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. குழந்தைகள் கண் மருத்துவராக என்னை அதிகம் வருந்தவைப்பது இதுதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பவர் குறைபாடும் மாறுகண்ணும் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாகவே காணப்படுகின்றன. குறைமாதப் பிறப்பும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆனால் இந்தப் பிள்ளைகள்தான் மிகக் குறைவாகப் பரிசோதிக்கப்படுகிறார்கள். 'ஒரு இடத்தில் உட்கார மாட்டான் டாக்டர், எழுத்தைக் காட்டினால் சொல்ல மாட்டான்' என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

அவன் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ரெட்டினோஸ்கோப் என்ற சிறு விளக்குக் கருவியால் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, அது திரும்பி வரும் விதத்தை வைத்தே பவரைக் கண்டுபிடித்துவிடுவோம். பேச்சு வராத ஆறு மாதக் குழந்தைக்கும் இப்படித்தான் பார்க்கிறோம். பார்வைத் திறனை அளக்க, எழுத்துக்குப் பதிலாக ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் போட்ட அட்டைகள் இருக்கின்றன. கையில் உள்ள அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். அந்த நான்கு படங்களையும் ஒரு தாளில் வரைந்து வீட்டில் சில நாள் விளையாடிவிட்டு வாருங்கள்.

கஷ்டமான பகுதி சொட்டு மருந்துதான். கண் பாப்பா விரிய மருந்து விடாமல் எடுக்கும் பவரைக் குழந்தைகளிடம் நம்ப முடியாது. அவர்கள் கண்ணின் தசை அந்த அளவுக்கு வேலை செய்து உண்மையான பவரை மறைத்துவிடும். மருந்து கொஞ்சம் எரியும். சட்டென்று நாலு பேர் பிடித்து அமுக்கி விட்டால் அடுத்த முறை வாசலையே மிதிக்க மாட்டான். அதனால் முன்பே போன் செய்து, காலையில் முதல் ஆளாகப் பார்க்கும்படி நேரம் கேளுங்கள். ஆஸ்பத்திரி வாசல், நாற்காலி, கருவி, சொட்டு மருந்து பாட்டில், முடிந்ததும் கிடைக்கப்போகும் பிஸ்கட் என்று படங்களை வரிசையாக ஒரு அட்டையில் ஒட்டிக் காட்டிக்கொண்டே வாருங்கள். படுக்கவைத்து, மூடிய கண்ணின் உள் ஓரத்தில் சொட்டை விட்டு, பிறகு மெதுவாகக் கண்ணைத் திறக்கச் செய்தாலும் மருந்து உள்ளே போய்விடும். அதுவும் முடியவே முடியாது என்றால், மூன்று நாள் வீட்டிலேயே போட்டுவர களிம்பு தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது படிக்கு வருகிறேன். ஏறுகிறான், இறங்க மாட்டான் என்று நீங்கள் குறித்திருப்பது மிக முக்கியமான தகவல். ஏறும்போது ஒவ்வொரு படியின் முகப்பும் கண்ணுக்கு நேரே நிற்கிறது. இறங்கும்போது படியின் விளிம்பு மட்டும்தான், அதுவும் பார்வையின் கீழ்ப்பகுதியில் தெரிகிறது. குறைமாதத்தில் பிறக்கும் சில குழந்தைகளுக்கு மூளையின் நீர்க்குழிகளை ஒட்டிய வெண்பகுதியில் பாதிப்பு ஏற்படும். பார்வையின் கீழ்ப்பாதிச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் அந்த இடத்தை ஒட்டித்தான் செல்கின்றன. அவை பாதிக்கப்பட்டால் கண் நன்றாக இருந்தும் கீழே உள்ளது சரியாகத் தெரியாது. மூளைசார் பார்வைக் குறைபாடு, சுருக்கமாக சி.வி.ஐ. என்கிறோம். இந்தப் பிள்ளைகள் நெரிசலான இடத்தில் தடுமாறுவார்கள், முகம் பார்க்க மாட்டார்கள், கூட்டத்தில் கத்துவார்கள். அதாவது வெளியிலிருந்து பார்க்க ஆட்டிசம் போலவே இருக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். உங்கள் மகனுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, கடிதத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறேன்.

வீட்டில் நீங்களே சிலவற்றைக் கவனிக்கலாம். தட்டில் தன் பக்கம் உள்ள சோற்றை மட்டும் விட்டுவிட்டு எழுந்துவிடுகிறானா? தரையில் கிடக்கும் செருப்பு, பக்கெட் இவற்றில் அடிக்கடி இடித்துக்கொள்கிறானா? தரையின் நிறம் மாறும் இடத்தில், அங்கே பள்ளம் இருப்பதுபோலக் காலால் தடவிப் பார்க்கிறானா? பொம்மைக் கூடையில் எல்லாவற்றோடும் கிடக்கும் பொம்மையைக் கண்டுபிடிக்காதவன், அதையே வெறும் போர்வை மேல் தனியாக வைத்தால் உடனே எடுக்கிறானா? இவற்றுக்கு ஆம் என்றால் மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இன்னொன்று, நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குள்ளோ பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. உங்கள் பையனுக்கு அது நடந்ததா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள்.

பரிசோதனை முடியும்வரை காத்திருக்காமல் பள்ளியில் ஒன்றைச் செய்துவிடலாம். மொசைக் தரையும் மொசைக் படியும் ஒரே புள்ளிக் கூட்டமாக இருக்கும், விளிம்பு எங்கே என்று பெரியவர்களுக்கே மங்கலான வெளிச்சத்தில் தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் அகலமான மஞ்சள் டேப் ஒட்டச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. மற்றப் பிள்ளைகளும் விழாமல் இருப்பார்கள்.

ஓரக்கண் பார்வை பற்றி. இதில் பயப்பட வேண்டிய வகையும் இருக்கிறது, வேண்டாத வகையும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துத்தான் பார்க்கிறான் என்றால் மாறுகண்ணோ, கண் ஆட்டமோ, ஒருபக்கப் பார்வைக் குறைவோ காரணமாக இருக்கலாம். ஃபேனைப் பார்க்கும்போது சில விநாடி உறைந்துபோய், இமை துடித்து, தொட்டாலும் திரும்பாமல் இருந்தால் வலிப்பு உண்டா என்று நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெயிலுக்கு எதிரே நின்று கண் முன்னால் விரல்களை ஆட்டும் பழக்கம் இருந்தாலும் அப்படித்தான். ஆட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. இவை எதுவும் இல்லாமல், ஓடும் பொருளை மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாறி மாறி ஓரக்கண்ணால் ரசிக்கிறான் என்றால், அது ஆட்டிசம் உள்ள சிறுவர்களிடம் நன்றாகத் தெரிந்த பழக்கம்தான். கனடாவின் மோன்ட்ரியலில் லோரான் மோத்ரோன் என்ற மனநல மருத்துவரின் குழு இதையே தனியாக ஆராய்ந்து 2007இல் எழுதியது. இந்த ஓரப்பார்வை பெரும்பாலும் நகரும் பொருட்களை நோக்கியே இருந்தது. நேராகப் பார்த்தால் வந்து குவியும் நுணுக்கமான விவரங்களை மட்டுப்படுத்திக்கொள்ள இது ஒரு வழியாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். நேர்ப்பார்வை நுணுக்கத்துக்கு, ஓரப்பார்வை அசைவுக்கு என்பது கண்ணின் அமைப்பிலேயே உள்ள பிரிவு என்பதால் எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. ஃபேனைப் பார்ப்பதை நிறுத்த முயலாதீர்கள். அவனுக்கு அது இதமாக இருக்கிறது, யாருக்கும் கெடுதல் இல்லை.

ஜவுளிக்கடை விஷயத்துக்கு வருவோம். லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதுதான் ஆட்டிசம் பற்றிய முதல் விரிவான கட்டுரை. பகுதிகளைத் தாண்டி முழுமையை உணர இந்தக் குழந்தைகள் சிரமப்படுகிறார்கள் என்று அதிலேயே அவர் குறித்திருக்கிறார். 1983இல் லண்டனில் அமிதா ஷா, ஊத்தா ஃப்ரித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன வடிவத்தைத் தேடும் சோதனையை வைத்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். வீட்டில் அலமாரியில் ஒரு டப்பா இடம் மாறியிருந்தால் முதலில் கண்டுபிடிப்பது உங்கள் மகனாகத்தான் இருக்கும், இல்லையா?

இதிலிருந்து 'இவர்களுக்கு விவரம்தான் தெரியும், முழுப்படம் தெரியாது' என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். 2015இல் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. முழுப்படம் அவர்களுக்கும் தெரிகிறது, அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பெற்றோரும் ஆசிரியரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆய்வு முடிவு இதுதான். அவனால் முடியாது என்பதல்ல, அவசரப்படுத்தினால் முடியாது. ஒரு பக்கத்தைத் திறந்து வைத்ததும் 'எங்கே இருக்கு சொல்லு, சொல்லு' என்று நிற்காதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

கழுகுக் கண் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பருந்து அளவுக்குக் கூர்மையான பார்வை என்று 2009இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆய்வு வந்து பத்திரிகைகளில் பரவியது. அளந்த முறையில் தவறு இருப்பதை மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒழுங்காக அளந்தபோது வித்தியாசம் எதுவும் இல்லை. கூர்மையில் கண் எல்லோருக்கும் போலத்தான். கண் அனுப்புவதை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் மாறுபாடு.

அந்த மாறுபாட்டை விளக்க 2012இல் லிஸ் பெலிக்கானோ, டேவிட் பர் இருவரும் முன்வைத்த ஒரு கருத்து எனக்குப் பிடித்தமானது. கண் அனுப்புவதை மட்டும் வைத்து நம் மூளை உலகத்தைக் கட்டுவதில்லை, பாதியைப் பழைய அனுபவத்திலிருந்து ஊகித்துக்கொள்கிறது. கரண்ட் போனால் சொந்த வீட்டில் தீப்பெட்டி இருக்கும் இடத்துக்கு நேராக நடந்துவிடுகிறோம், அடுத்தவர் வீட்டில் ஒவ்வொரு அடியும் தடவித்தான் போக வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை இந்த ஊகத்தைக் குறைவாகவும், வந்து விழும் காட்சியை அதிகமாகவும் நம்புகிறது என்பது அவர்கள் கருத்து. இதில் இன்னும் விவாதம் நடக்கிறது, முடிந்த முடிவல்ல. ஆனால் ஜவுளிக்கடையில் உங்கள் மகனுக்கு என்ன நடக்கிறது என்பதை யோசிக்க உதவுகிறது. நீங்கள் உள்ளே போனதும் 'புடவைக் கடை' என்று மூளை ஒரே வார்த்தையில் முடித்துவிடும். அவனுக்கு ஒவ்வொரு ஜரிகை மின்னலும், ஒவ்வொரு கண்ணாடியும், கூரையில் உள்ள ஒவ்வொரு விளக்கும், விரித்துப் போடும் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக, புதிதாக வருகின்றன. கூடவே மைக்கில் அறிவிப்பு, பாட்டு. கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் ஒரே நிகழ்ச்சி என்று சேர்ப்பதிலும் இந்தக் குழந்தைகளுக்கு நேரப் பிசகு ஏற்படுவதாக அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2014இல் காட்டியது. அவன் கத்துவது பிடிவாதம் அல்ல. வெளியே போக வேண்டும் என்பதைச் சொல்ல அவனிடம் இருக்கும் வழி அதுதான்.

தீபாவளிக்குத் துணி எடுக்க அவனைக் கூட்டிப்போகவே வேண்டும் என்றில்லை. அளவுச் சட்டையை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். கூட்டிப்போக வேண்டிய இடம் என்றால் கடை திறந்ததும் போங்கள், முன்பக்கம் நீண்ட தொப்பி போட்டுவிடுங்கள், சத்தத்துக்குக் காதை மூடும் ஹெட்ஃபோன் மாட்டுங்கள். 'வெளியே' என்று எழுதிய ஒரு அட்டையை அவன் கையில் கொடுங்கள். அவன் அதைக் காட்டினால், பில் போடாவிட்டாலும் சரி, உடனே வெளியே வந்துவிடுங்கள். காட்டினால் நடக்கிறது என்று இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டால் கத்த வேண்டிய தேவை குறையும்.

இவை எல்லாம் உண்மையான உணர்வுச் சிக்கல்கள் என்பதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டது. ஒளி, ஒலி, தொடுகை இவற்றை அதிகமாகவோ குறைவாகவோ உணர்வது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆட்டிசம் வரையறையில் 2013இல்தான் இடம்பெற்றது. ஆகவே 'அதெல்லாம் நடிப்பு, கண்டுகொள்ளாதீர்கள்' என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.

டியூப்லைட் விஷயத்தில் பையன் சொல்வதை நம்புங்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுகிறது. பழைய செம்புச் சோக் போட்ட டியூப்லைட் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. பெரும்பாலோருக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலி தரும். முனை கறுத்துப்போன டியூப் என்றால் துடிப்பு கண்ணுக்கே தெரியும். எல்.இ.டி. என்றாலே நல்லது என்றும் இல்லை, மலிவான பல்புகளும் இதேபோலத் துடிக்கும். உங்கள் போனில் ஸ்லோமோஷன் வீடியோ வசதி இருந்தால் அந்த விளக்கை எடுத்துப் பாருங்கள், துடிப்பது தெரியும். எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூபோ, துடிக்காத எல்.இ.டி. விளக்கோ மாட்டிப் பாருங்கள். வகுப்பில் ஜன்னலோரம், ஆனால் ஜன்னலுக்கு எதிரே பார்க்காதபடி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காரவையுங்கள். துடிப்பு மட்டும்தான் காரணம் என்று உறுதி சொல்ல மாட்டேன், கண் வறட்சியும் பவரும்கூடக் கண்ணைக் கூசவைக்கும். செலவு குறைவு, ஒரு வாரத்தில் பலன் தெரிந்துவிடும் என்பதால் செய்து பார்க்கச் சொல்கிறேன்.

கலர் கண்ணாடிக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அது வேலை செய்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. கலர் கண்ணாடியும் கண் பயிற்சியும் கற்றல் குறைபாட்டைச் சரிசெய்யும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் கண் மருத்துவர்களின் சங்கங்களும் சேர்ந்து 2009இலேயே அறிக்கை விட்டன. ஆட்டிசத்துக்கும் நிலைமை அதைவிட மேலானதாக இல்லை. வீட்டுக்குள்ளும் நாள் முழுக்க நிறக் கண்ணாடி போட்டுப் பழகினால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் இன்னும் அதிகமாகும். வெயிலில் சாதாரணக் கூலிங் கிளாஸோ தொப்பியோ அவனுக்கு இதமாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். அதற்கு 18,000 ரூபாய் ஆகாது. பரிசோதனையில் பவர் இருப்பது தெரிந்தால் கண்ணாடி கட்டாயம் போட வேண்டும், அது வேறு விஷயம். மூக்கில் அழுத்தாத, காதுப்பக்கம் வளையும் சிலிக்கான் ஃபிரேமாக வாங்கிக் கொடுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போட்டால் போதும்.

அந்த சென்டரில் உணர்வு ஒருங்கிணைப்பு தெரபி என்று ஊஞ்சல், பந்து எல்லாம் வைத்து ஏதாவது சொல்லியிருப்பார்கள். அதன் பலனைப் பற்றிய சான்றுகள் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. வழக்கமான உதவியைவிட அதில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் சட்டைப் பொத்தான் போடுவது, பல் தேய்ப்பது என்று திட்டவட்டமான ஒரு வேலையை எடுத்துக் கற்றுத்தரும் நல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கிடைத்தால் விடாதீர்கள். எதற்காக வருகிறோம் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்தில் அது நடந்ததா என்று பாருங்கள்.

டீச்சர் சொன்னதற்கு என் பதில் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். தாடையைப் பிடித்துத் திருப்பி 'என்னைப் பார்' என்று பழக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், பிறர் கண்ணைப் பார்ப்பது எரிவதுபோல, தாங்க முடியாததாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பாஸ்டனில் நூஷின் ஹஜிகானி குழு 2017இல் மூளை ஸ்கேனோடு இதைப் பார்த்தது. படத்தில் உள்ள முகத்தின் கண்களையே பார்க்கும்படி செய்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையின் ஆழத்தில், ஆபத்தை உணரும் பகுதி உட்பட, வழக்கத்தை மீறிய தூண்டல் ஏற்பட்டது. அப்படி ஒரு அலறல் உள்ளே கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் சொல்லும் 'அ'வும் 'ஆ'வும் எங்கே ஏறும்? சாதாரணப் பிள்ளைகளே கஷ்டமான கணக்குக் கேட்டால் கூரையைப் பார்த்துத்தான் யோசிக்கிறார்கள். உங்கள் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறான் என்றால், கேட்பதற்காகத்தான் அங்கே பார்க்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். படத்தையோ பொம்மையையோ இருவரும் சேர்ந்து பார்க்கும்படி நடுவில் வையுங்கள். பிஸ்கட்டைக் கொடுக்கும்போது உங்கள் கன்னத்தருகில் பிடித்தபடி சிரியுங்கள், பார்த்தால் நல்லது, பார்க்காவிட்டாலும் பிஸ்கட் கொடுங்கள். தானாக ஒரு கணம் உங்கள் முகத்தில் கண் வைத்துவிட்டுப் போனால் அதுவே அவனுக்குப் போதுமானதாக இருக்கலாம். உங்களை அவன் பார்க்கிறானா என்பதுதான் உங்கள் மனதில் உள்ள கேள்வி என்று நினைக்கிறேன். பார்க்கிறான். நீங்கள் புதுத் தோடு போட்ட நாளில் அவன் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். பிற்பாடு ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து, வாரன் ஜோன்ஸ், அமி கிளின் இருவரும் 2013இல் எழுதியிருக்கிறார்கள். பிறர் கண்களைப் பார்ப்பது அந்தக் குழந்தைகளிடம் இரண்டு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையிலேயே குறையத் தொடங்கிவிட்டது. அந்த வயதில் வேர்கள் ஆழமாகவே இறங்கியிருக்கின்றன, நீங்கள் காட்டிய போன் அதைக் கொண்டுவரவில்லை. போனைக் குறைப்பது வேறு காரணங்களுக்காக நல்லது. குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. தயிர்சாதம், பிஸ்கட், சிப்ஸ் மட்டும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்து, கருவிழி உலர்ந்து, பார்வையே பறிபோன நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பசி இல்லாத வீட்டில், வளர்ந்த நாடுகளில்கூட இது நடந்திருக்கிறது. அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ சொட்டு மருந்து ஐந்து வயதோடு முடிந்துவிடும், உங்கள் மகனுக்கு ஏழு. பொழுது சாய்ந்ததும் தடுமாறுகிறானா, கண்ணை அடிக்கடி சிமிட்டுகிறானா, தேய்க்கிறானா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் நாளை மறுநாள் என்று தள்ளாமல் அன்றே கூட்டிப் போங்கள். வெளிச்சத்தில் கண்ணை மூடுவதற்குக்கூட இது காரணமாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், வைட்டமின் ஏ அதிகமானாலும் கெடுதல்.

சாப்பாட்டை அவன் முதலில் கண்ணால்தான் மறுக்கிறான். கூட்டு, அவியல் என்றால் பல நிறமும் பல வடிவமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். தடுப்பு வைத்த தட்டு வாங்குங்கள், எதுவும் எதையும் தொடாமல் இருக்கட்டும். அவன் விரும்பும் வெள்ளை, மஞ்சள் நிறத்திலிருந்தே தொடங்குங்கள். சிப்ஸ் வடிவில் வறுத்த சர்க்கரைவள்ளி, தனியாக வைத்த முட்டை மஞ்சள் கரு, பப்பாளித் துண்டு ஒன்றே ஒன்று. சாப்பிட வேண்டாம், தட்டில் இருந்தால் போதும் என்று பல நாள் விடுங்கள். தயிர்சாதத்துக்குள் முருங்கைக்கீரையை அரைத்து மறைத்து வைக்காதீர்கள், கண்டுபிடித்தால் தயிர்சாதத்தையும் விட்டுவிடுவான்.

பள்ளிக்கு இரண்டு வேண்டுகோள் எழுதிக் கொடுங்கள். அவன் எதிரே உள்ள சுவரில் தொங்கும் சார்ட்டுகளைப் பின் சுவருக்கு மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தில் பத்துக் கணக்கு இருந்தால் நடுவில் ஓட்டை வெட்டிய வெள்ளை அட்டையால் மூடி ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். முடிந்தால் அன்றைய நாளின் வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி ஒட்டச் சொல்லுங்கள். காட்சியில் தடுமாறும் இதே பிள்ளைகளுக்குத்தான் அசையாத, நிதானமாகப் பார்க்கக்கூடிய படம் பெரிய துணை. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் 1970களில் வளர்த்தெடுத்த பயிற்சிமுறையே இந்த அடிப்படையில் எழுந்ததுதான். பள்ளி மறுத்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்திருக்கிறது, தேவையான மாற்றங்களைச் செய்து தருவது பள்ளியின் கடமை என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

கண் பரிசோதனைக்கு, குழந்தைகள் பிரிவு உள்ள கண் மருத்துவமனையாகப் பாருங்கள். உங்களுக்கு மதுரை பக்கம்தான். இல்லையென்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்டால் கட்டணமில்லாமல் அனுப்பிவைப்பார்கள். போகும்போது பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஆட்டிசம் ரிப்போர்ட், ஒரு வாரம் அவன் சாப்பிட்டதை எழுதிய தாள் மூன்றும் கையில் இருக்கட்டும். ஃபேனைப் பார்ப்பது, படி இறங்குவது இரண்டையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் அவன் அதைச் செய்து காட்ட மாட்டான். டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்திருந்தால் பிறந்த மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் பிறந்த தேதியைச் சொல்லிக் கேளுங்கள், நகல் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைக்காவிட்டாலும் அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.